கூடங்குளத்தில் வீடு விற்பனை

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தில் உள்ள கடலோர ஊர் கூடங்குளம். இங்கே வீட்டுச் சந்தை அணுமின் நிலையத்தை ஒட்டியே நகர்கிறது. 2013 அக்டோபரில் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது. நிலைய ஊழியர்களுக்குச் செட்டிகுளத்தில் அணுவிஜய் நகரியம் உண்டு. புதிய அலகுகளின் கட்டுமானத்துக்கு வரும் வெளியூர்த் தொழிலாளர்களோ வாடகை வீடு தேடுகிறார்கள்.

விற்குமுன் மொட்டைமாடியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பி துருவேறி ஊதும், காரை பெயரும். துருவைச் சுரண்டி, தடுப்புப் பூச்சு கொடுத்துப் பூசுவதே முறை. வெள்ளையடித்து மறைப்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றில் பெயர் ஒத்திருக்க வேண்டும். வாரிசுகள் பாகம் பிரிக்காத வீடுகளில்தான் பேரம் பெரும்பாலும் முறிகிறது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம். பதிவுக்கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது, வழிகாட்டி மதிப்போ உயர்ந்தது.