லோடு ஜாபுக்கும் ஒரு பங்கு

ராத்திரி ஓடுற பேட்ச் லோடு காலை வரைக்கும் இழுத்தா, ஆப்பே தள்ளாடும். அப்போ யாருக்கு முதல் இடம்? இந்தத் தகராறு 1961-லேயே வந்தாச்சு.

அந்த நவம்பர்ல எம்ஐடியின் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு சிடிஎஸ்எஸ்-ஐ ஓட்டிக் காட்டினாங்க. ஒரே மெஷின், பல பேர். குட்டி வேலைக்கு முன்வரிசை. கொடுத்த நேரத்துல முடியலையா, ஒரு படி கீழே இறங்கணும். ஆனா அங்கே முறை வந்தா இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். எனக்குப் பிடிச்சதே இந்த இரண்டு மடங்குதான். பின்னால தள்ளினாலும் கைவிடலை பாருங்க.

மைஎஸ்க்யூஎல்-ல 'லோடு டேட்டா' கமாண்டுக்கு 'லோ பிரையாரிட்டி'ன்னு ஒரு ஆப்ஷன் உண்டு. மைஐசாம் டேபிளை யாராவது படிச்சுக்கிட்டே இருந்தா, லோடு காத்துக்கிட்டே கிடக்கும். கூட்டமான சைட்டுன்னா கேட்கவே வேண்டாம், 'இன்று போய் நாளை வா' கதைதான்!

எஸ்க்யூஎல் சர்வர் 2008-ல வந்த ரிசோர்ஸ் கவர்னர் இதைச் சரியாப் பிடிச்சது. லோடு ஜாபுகளைத் தனிக் குழுவாக்கி, சிபியு நெருக்கடி வர்றப்போ அதுக்கு அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவுன்னு இரண்டு எண் எழுதலாம். நான் பார்த்த டீம்கள்ல பாதிப் பேர் அதிகபட்சத்தை மட்டும் குறைச்சுட்டு, குறைந்தபட்சத்தை டீஃபால்ட்டான பூஜ்யத்துலேயே விட்டுடுறாங்க.