கடன் கேளாத நங்கூரம்

கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில், 19ஆம் நூற்றாண்டின் மீனவர் பலர் தம் சிறு படகுக்கு வேண்டிய நங்கூரத்தைத் தாமே செய்துகொண்டனர். அதற்குக் 'கில்லிக்' என்பது பெயர். இரண்டு கட்டைகளைக் குறுக்காகப் பொருத்தி, அவற்றின் முனைகளைக் கூராக்குவர். அக்கட்டைகளினின்றும் மேலெழும் கழிகளின் நடுவே நீண்ட கல்லொன்றை நிறுத்தி, கழிகளின் தலைகளை ஒருங்கே இறுகக் கட்டுவர். கல்லின் பாரம் மரத்தை ஆழ்த்தும். மரத்தின் கூர்முனை கடலடியைப் பற்றும். ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது.

இரும்பு நங்கூரம் வாங்கப் பணம் வேண்டும். அம்மீனவரோ உப்பையும் உணவையும் வணிகரிடம் கடனாகப் பெற்று, உலர்த்திய மீனைக் கொடுத்தே அக்கடனைத் தீர்த்தனர். கையிற் காசைக் காண்பது அரிது. கரையிற் கிடந்த கல்லும் காட்டில் வெட்டிய கழியும் எவரிடமும் கடன்பட்டுப் பெற்றவையல்ல. புயலில் உயிரைக் காத்த அந்நங்கூரம், வணிகரின் கணக்கேட்டில் ஏறாத பொருள்களுள் ஒன்றாகவும் இருந்தது.