'உண்மை' குவிமாடத்தின்மேல் நின்றாள்

லைப்சிக் நகரில் 1895இல் திறக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தின்மேல் தீப்பந்தம் ஏந்திய பெண்ணொருத்தி நிற்கிறாள். அந்தச் சிலைக்கு 'உண்மை' என்று பெயர். அவளுக்குக் கீழே இயங்கியது ஜெர்மானியப் பேரரசின் உச்ச நீதிமன்றமான ரைஷ்ஸ்கெரிஷ்ட். 1879 முதல் 1945 வரை அதன் நீதிபதி இருக்கையில் ஒரு பெண்கூட அமர்ந்ததில்லை. ஆனால் பெண்ணுடல் அங்கே திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்டது.

நீதிமன்றம் தொடங்கிய மறு ஆண்டே, 1880 மே மாதம், ஒரு கருக்கலைப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. கருவைக் கலைக்கவே இயலாத ஒன்றைக் கொண்டு செய்த முயற்சி அது. ஆனாலும் குற்றமே என்றார்கள் நீதிபதிகள். குற்றம் செய்யும் எண்ணமே தண்டனைக்குப் போதும் என்பது அவர்கள் வாதம். பிறகு, கர்ப்பமே தரிக்காத பெண்ணுக்கும் இந்தத் தர்க்கம் நீண்டது. 1871இன் தண்டனைச் சட்டப் பிரிவு 218 அவள் வயிற்றுக்குக் காவல் வைத்தது. தீர்ப்பு அவள் நினைப்புக்கும் காவல் வைத்தது. சட்ட வகுப்புகளில் இது 'முயற்சி' பற்றிய கோட்பாடாகவே கற்பிக்கப்படுகிறது. கோட்பாட்டுக்குள் இருந்த பெண்ணை யாரும் தேடுவதில்லை.

1927 மார்ச் 11 அன்று ஒரு கதவு கொஞ்சம் திறந்தது. பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து நேர்ந்து, வேறு வழியும் இல்லையென்றால், அவள் சம்மதத்துடன் மருத்துவர் கருவைக் கலைக்கலாம் என்று தீர்ப்பானது. எழுதப்பட்ட சட்டத்தில் இல்லாத விலக்கு இது. உயிர்களைக் காத்த தீர்ப்பு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தராசு மருத்துவரின் கையில் இருந்தது. வறுமையும் பசித்த பிள்ளைகளும் அந்தத் தட்டில் ஏறவில்லை.

1922இல்தான் சட்டம் பெண்களை நீதிபதிகளாக அனுமதித்தது. 1936இல் ஹிட்லர் அந்த வழியை அடைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் இந்நீதிமன்றம், யூதர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் இடையே திருமணத்துக்கு வெளியே உறவைத் தடைசெய்த நியூரம்பர்க் சட்டத்தை மேலும் அகலமாக்கியது: உடலுறவு மட்டுமல்ல, பிற பாலியல் செயல்களும் குற்றம் என்றது. அந்தச் சட்டப்படி தண்டனை ஆணுக்கு மட்டுமே. பெண் சாட்சியாக நின்று தன் அந்தரங்கத்தை ஆண்களிடம் விவரிக்க வேண்டியிருந்தது.

2002 முதல் அந்தக் கட்டடத்தில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் செயல்படுகிறது. 2007இல் ஒரு பெண், மாரியோன் எக்கெர்ட்ஸ்-ஹோஃபர், அதன் தலைவரானார். பிரிவு 218 பலமுறை திருத்தப்பட்டும், அதே எண்ணுடன் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது.