வெட்டிய ஸ்பிரிங்கும் பழைய மைனரும்: ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருக்கும் தம்பிமார் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கினார். ஸ்போர்ட்ஸ் கார் போலத் தாழ்வாக நிற்க வேண்டும் என்று நான்கு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டு சுற்றை வெட்டிவிட்டார். முதல் வாரமே அவருடைய உம்மம்மா, புத்தளத்துக்குக் கிளினிக் போகும் வழியில், "இடுப்பு கழன்றுவிடும் மகன்" என்று பாலாவிச் சந்தியில் இறங்கி பஸ்ஸில் போய்விட்டார். அடுத்த வாரம் கற்பிட்டி வீதியில், வளைவில் இருந்த சிறு பள்ளத்தில் விழுந்த கார் துள்ளி, வீதியை விட்டு மணலில் போய் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

"சேர், ஸ்பிரிங் இறுகினால் வளைவில் கார் நிலையாக நிற்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடப்போனால் இருநூறு வருடக் கதை ஒன்று வருகிறது.

1804இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி ஸ்பிரிங் செய்தார். சில்லு வாங்கும் அடி நேராகப் பயணியின் முதுகுக்குப் போகாமல் அது தடுத்தது. மோட்டார் கார் வந்து வேகம் கூடியபோது புதிய சிக்கல் வந்தது. பள்ளத்தில் ஒரு தரம் அமுங்கிய ஸ்பிரிங், ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை அடக்க வந்ததுதான் ஷொக் அப்சோபர். ஆரம்பத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி அடக்கின. பின்னர் எண்ணெய் அந்த வேலையைச் செய்தது. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஆட்டத்தை நிறுத்துவது ஷொக். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார்கள் பல மிகவும் இறுக்கமானவை. ஸ்பிரிங் அசைவதை விட வண்டியின் சட்டமே அதிகம் முறுகும் என்று சொல்வார்கள். "ஸ்போர்ட்ஸ் என்றால் இறுக்கம்" என்ற எண்ணம் அந்தக் காலத்துச் சொத்து.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர் மொரிஸ் ஒலி. ரோல்ஸ் ரொய்ஸில் இருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸுக்குப் போன பொறியியலாளர். 1930களில் ஒரு காரின் முன்னும் பின்னும் இரும்புப் பாரங்களைத் தொங்கவிட்டு, அவற்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விடக் கொஞ்சம் மென்மையாக இருந்தால், பள்ளத்தைக் கடந்த பிறகு கார் முன்னும் பின்னுமாகக் குலுங்காமல் சமமாக அமரும் என்று கண்டார். முன்பெல்லாம் இதற்கு நேர்மாறாகவே கார் செய்தார்கள்.

அடுத்தது நம் வாப்பாமாரின் காலத்து மொரிஸ் மைனர். 1948இல் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். மாதிரி கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரு பாதியையும் விலக்கி வைத்துப் பார்த்தார். கடைசியில் 4 அங்குலம் அகலமானது. மைனரின் பொனட் நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடும். அந்த 4 அங்குலத்தின் அடையாளம் அது. முன்பக்கம் முறுகும் கம்பி ஸ்பிரிங், நுட்பமான ஸ்டியரிங், அகலமான நிலை: இவை சேர்ந்துதான் மைனருக்கு வளைவில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தன. ஸ்பிரிங்கை இறுக்கி வாங்கிய பெயர் அல்ல. நம் நாட்டில் இந்தக் கார் மீதான பற்று எவ்வளவு என்றால், 1990களில் காலியில் ஒரு தொழிற்சாலை மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது.

1959இல் அதே இசிகோனிஸ் மினியைக் கொண்டுவந்தார். சுமார் 600 கிலோ எடை. நான்கு பேர் ஏறினால் காரின் எடையில் பாதிக்குக் கிட்ட பாரம் கூடிவிடும். அதனால் அலெக்ஸ் மௌல்டன் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்பு வைத்தார். பாரம் கூடக் கூட அது தானாக இறுகும். அந்தக் குட்டிக் கார் 1964, 1965, 1967 ஆகிய வருடங்களில் மொன்டே கார்லோ ரலியை வென்றது. சொகுசுக்காக 1964இல் திரவம் நிரப்பிய முறைக்கு மாற்றிப் பார்த்தார்கள். சில வருடங்களில் மறுபடியும் ரப்பருக்கே திரும்பினார்கள்.

உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமா? 1962இல் கொலின் சப்மன் செய்த லோட்டஸ் எலானைப் பாருங்கள். 700 கிலோவுக்கும் குறைந்த எடை, முறுகாத உறுதியான சட்டம், ஆனால் மென்மையான ஸ்பிரிங். அதை நன்றாக அடக்கும் ஷொக். வளைவில் அதற்கு நிகரான கார் அந்நாளில் மிகக் குறைவு.

காரணம் எளிது. காரை வீதியில் பிடித்து வைப்பது ஸ்பிரிங் அல்ல, டயர். டயர் நிலத்தைத் தொட்டால்தான் பிடிப்பு, பிரேக், ஸ்டியரிங் எல்லாம். இறுகிய ஸ்பிரிங் காரைச் சரியவிடாது, ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்லும், அது உண்மை. ஆனால் அந்த நன்மை வழவழப்பான பாதையில்தான். குண்டும் குழியுமான வீதியில் டயரைத் துள்ளவிடும்.

நம் நாட்டுப் போட்டிகளே இதற்குச் சாட்சி. 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றம் தார் வீதியில் நடப்பது. அங்கே தாழ்ந்த, இறுகிய கார் பொருந்தும். 1993இல் தொடங்கிய தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மண் பாதை; அங்கே சில்லு மேலும் கீழும் போக நிறைய இடம் வேண்டும். ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் ஓட்டினால் தோல்விதான்.

இனி வெட்டிய ஸ்பிரிங்குக்கு வருவோம். 8 சுற்றுள்ள ஸ்பிரிங்கில் 2 சுற்றை எடுத்தால் அது மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இறுகும். அமுங்க மிச்சமிருக்கும் தூரமோ குறைந்துவிடும். பழைய ஷொக் அந்த இறுக்கத்துக்குச் செய்யப்பட்டதல்ல. ஆட்டத்தை அடக்க முடியாது. மாணவரின் கார் மணலுக்குப் போன கதை இதுதான். இரவில் கழுதை குறுக்கே வரும் நமது வீதிகளில், துள்ளும் டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது.

ஆகவே தம்பிமாரே, முதலில் ஷொக், புஷ், டயர் காற்று மூன்றையும் சரிபாருங்கள். பல கார்களுக்கு அதுவே போதும். இன்னும் வேண்டுமென்றால் உங்கள் மொடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருத்தமான ஷொக்கையும் சோடியாக வாங்குங்கள். கொஞ்சம் மட்டும் தாழ்த்துங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

மாணவர் கம்பனி ஸ்பிரிங்கையே தேடிப் பூட்டி, ஷொக் நான்கையும் புதிதாக மாற்றினார். போன கிளினிக்குக்கு உம்மம்மா பாலாவியில் இறங்கவில்லை.

மைனர் ஓட்டிய பெரியவர்கள், அதைத் திருத்திய பாஸ்மார் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அனுபவத்தையும் பழைய படங்களையும் கீழே பதியுங்கள். நமது பிள்ளைகளுக்குப் பயன்படும்.