கல்லணையும் அதன்பின் வந்த கட்டுமானங்களும்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. கடலுக்கு அதன் வழியும் குறுகியது. திருவரங்கத் தீவின் கீழ்முனையில் இரு ஆறுகளும் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரி நீர் கொள்ளிடத்தில் வடிந்துவிடாமல் காப்பதற்கு எழுந்ததே கல்லணை. சோழ மன்னன் கரிகாலன் கட்டியது என்பது மரபு. ஆழம் காணாத மணலில் பெருங்கற்களை அமிழ்த்தி, களிமண் இட்டு, மேலும் கற்களை அடுக்கிய வேலை அது. தஞ்சைச் சமவெளியின் வாய்க்கால்கள் அதை நம்பியே பெருகின.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, நீர் கொள்ளிடத்துக்கே அதிகம் போயிற்று. அப்போது கால்டுவெல் என்ற பொறியாளர் கல்லணையின் உயரத்தைக் கூட்டினார். மணல் சேர்வது நிற்கவில்லை. 1830இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணையில் மணல்போக்கிகளை அமைத்தார். ஆனால் நோய் மேலே, ஆறு பிரியும் இடத்தில் இருந்தது. எனவே 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டும் பணி தொடங்கியது. சோழர் கால வீராணம் ஏரிக்கு வடவாறு வழியே நீர் தருவது இந்தக் கீழணைதான்.

மேலணை வேண்டியதைவிட அதிகமாகவே வேலை செய்தது. காவிரிக்குள் வெள்ளம் கூடி, படுகையும் கரையும் அரிக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பில் தளச்சுவர் போட வேண்டியதாயிற்று. ஒரு கிளையை மறித்தால் மற்றொன்று என்ன செய்யும் என்பதை ஆறே பொறியாளர்களுக்குக் காட்டியது. மணலில் அடித்தளம் போடும் வித்தையையோ காட்டன் கல்லணையிடம் கற்றார். கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கு அது கைகொடுத்தது.

1934இல் மேட்டூர் அணை முடிந்ததும், பழைய வாய்க்கால்கள் எட்டாத மேட்டு நிலத்துக்காகக் கல்லணையிலிருந்தே புதுக் கால்வாய் ஒன்று ஓடத் தொடங்கியது. கல்லணைக் கால்வாய் என்பது அரசு வைத்த பெயர். தஞ்சை மக்களுக்கு அது புதாறு. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. சரிவுக்குக் குறுக்கே செல்வதால் வழியில் காட்டாறுகள் பல. அவற்றைக் கீழ்க்குமிழிகளாலும் தொட்டிப்பாலங்களாலும் கடக்கிறது. முன்பே இருந்த நூற்றுக்கணக்கான ஏரிகளையும் நிரப்புகிறது. பழையதை அழிக்காமல் அதையே தேக்கிடமாக்கியது இந்த வடிவமைப்பின் சிறப்பு.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே பின்னர் புதிய கதவணை எழுந்தது. புதாற்றின் படுகைக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டமும் வந்தது. கடைமடைக்கு நீர் விரைவாகச் சேரும் என்பது அதன் நோக்கம். கசிவு நின்றால் கிணறுகள் வற்றிவிடும் என்று விவசாயிகள் எதிர்த்தனர். கசியும் நீர்தான் கோடையில் அவர்களின் கிணறுகளில் ஊறுகிறது. ஆதலால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது.