சிக்கு எண்ணெயும் டீசல் இன்ஜினும்

மதுரையில நடு ராத்திரிக்கும் பரோட்டாக் கல் சூடா இருக்கும், தெரியும்தானே? அந்தக் கடைகள்ல பொரிச்சு முடிச்ச எண்ணெய் எங்க போகுது? 2018 ஆகஸ்ட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, ‘ரூகோ’ன்னு ஒரு திட்டம் கொண்டுவந்து, அதை பயோடீசலாக்கச் சொன்னது. கேட்க எளிது. ஆனா எண்ணெய்க்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு பழைய தகராறு இருக்கு: அமிலம்.

நம்ம பக்கம் விளக்குக்கு இலுப்பை எண்ணெய், புங்க எண்ணெய் ஊத்தினாங்க. கொஞ்சம் சிக்கு வாடை அடிச்சாலும் விளக்கு எரியும், திரிக்குக் கவலையில்லை. அந்தச் சிக்குல ஒரு பங்கு, எண்ணெய் உடைஞ்சு பிரிஞ்ச கொழுப்பு அமிலம். அதை இன்ஜின் மன்னிக்காது, உலோகத்தை அரிக்கும்.

1900 பாரிஸ் கண்காட்சியில டீசல் இன்ஜின் ஒன்னு கடலை எண்ணெயில ஓடினது. ஆனா எண்ணெய் கெட்டியா இருக்கிறதால, தொடர்ந்து ஓட்டினா இன்ஜின்ல கரி படியும். 1937-ல பெல்ஜியத்தின் ஷாவான், பனை எண்ணெயை ஆல்கஹாலோடு வினைப்படுத்தி இலேசாக்கும் முறைக்கு காப்புரிமை வாங்கினார். மறு வருஷமே பிரஸ்ஸல்ஸ்-லூவன் ரூட்டில் அந்த எரிபொருள்ல பஸ் ஓடினது. இன்னிக்கு பயோடீசல்ன்னு சொல்றது இதைத்தான்.

நம்ம ஊர்ல இந்தக் கனவு காட்டாமணக்கா வந்தது. 2003-ல திட்டக்குழு அறிக்கை, தரிசு நிலத்துல போட்டா போதும்ன்னு நம்பிக்கை கொடுத்தது. 2010-ல வெளிவந்த ஓர் ஆய்வு, கோயம்புத்தூர், திருவண்ணாமலை விவசாயிகளைப் பார்த்து, சொன்ன விளைச்சல் வரவே இல்லைன்னு காட்டிச்சு. இதுல நஷ்டம் யாருக்குன்னா, நிலத்தை அதுக்காக ஒதுக்கின குடும்பங்களுக்கு. கிடைச்ச விதையும் சரியா காயலேன்னா எண்ணெயில அமிலம் ஏறிடும்.

அதனாலதான் இந்த வேலையில முதல் படி வாளி இல்லை, சொட்டு. ஒரு மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல கரைச்சு, ஃபீனால்ஃப்தலீன் விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டா விடுவாங்க. பிங்க் நிறம் நின்னுச்சுன்னா நிறுத்தணும். செலவான ஒவ்வொரு மில்லிக்கும், லிட்டர் எண்ணெய்க்கு ஒரு கிராம் காரம் கூடுதல். குறைஞ்சா எண்ணெய் மாறாது, கூடினா சோப்பு.

அந்தச் சோப்பை நீக்கத்தான் கழுவுறது. முதல் தடவை தண்ணியை மெல்லத் தூவணும். குலுக்கினா தயிர் மாதிரி திரிஞ்சு பிரியவே பிரியாது. நம்ம உப்பு போர் தண்ணி வேற நுரையைப் பொருக்காக்கும். சீக்கிரம் முடியட்டுமேன்னு சிலர் வினிகர் சேர்ப்பாங்க. தண்ணி பளிச்சுன்னு தெளியும். ஆனா சோப்பு உடைஞ்சு கொழுப்பு அமிலமாகி எரிபொருளுக்குள்ளேயே தங்கிடும். வெளியேற்ற வந்தது, பேரை மாத்திட்டு உள்ளேயே உட்கார்ந்துடுச்சு!

2005-ல வந்த இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15607, ஒரு கிராம் எரிபொருள்ல இருக்கிற அமிலத்தைச் சமன் செய்ய 0.50 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மேல தேவைப்படக் கூடாதுங்குது. தெளிஞ்ச தண்ணியோ பிஹெச் தாளோ அதைச் சொல்லாது. கழுவி, சூடாக்கி, ஈரம் போன எண்ணெயில மறுபடியும் பிங்க் சோதனை பண்ணணும். இந்தத் தடவை ஒரு மில்லி பத்தாது, 10 மில்லியாவது எடுங்க. அளவு அவ்வளவு சின்னது.