சாவடியை எடுத்து உப்பில் வைத்தார்கள்

வடசென்னைக்காரர்களுக்கு டோல்கேட் என்றால் மெட்ரோ நிலையம், பஸ் நிறுத்தம், துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். சுங்கம் வாங்கிய கதவு போய்விட்டது, பெயர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் எழுப்பிய கேள்விதான் என்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத் துரத்தியது. போகிற வருகிற சரக்குக்கெல்லாம் காசு வாங்கிப் பழகிய அரசு, அதைச் சும்மா விட்டுவிடுமா? விட்டதென்றால், அந்தப் பணத்தை வேறு எங்கே போய் எடுத்தது?

திருவொற்றியூர் 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. டோல்கேட்டுக்கு அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். துணியோ புகையிலையோ பாக்கோ, எதை மாட்டுவண்டியில் ஏற்றினாலும் வழிச் சாவடியில் நிறுத்தித் தீர்வை கட்ட வேண்டிய காலம் அது. கட்டணத்தைவிடச் சாவடிச் சேவகனின் கெடுபிடிக்குத்தான் வியாபாரிகள் அதிகம் அஞ்சினார்கள். வங்காளத்தின் உள்நாட்டுச் சுங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு அறிக்கை எழுதிய சார்லஸ் டிரெவெல்யன் பின்னாளில் சென்னைக்கே ஆளுநராக வந்தார். அவருடைய அறிக்கைக்குப் பிறகு வங்காளத்தில் 1836இலும் பம்பாயில் 1838இலும் அந்தச் சுங்கம் ஒழிந்தது. சென்னை கடைசி. இங்கே 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுங்கக் கோப்புகளின் தடம் அந்த ஆண்டோடு அறுந்துவிடுகிறது. அதனால் அதை ஒழித்த சட்டத்தையே கையில் எடுத்தேன். 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம். அதன் நீண்ட தலைப்பிலேயே துப்பு இருந்தது. உள்நாட்டுச் சுங்கத்தை ஒழிப்பது, கடல் சுங்கத்தைத் திருத்துவது, உள்நாட்டில் உப்பை என்ன விலைக்கு விற்பது என்று தீர்மானிப்பது. மூன்றும் ஒரே தலைப்பில். சுங்கத்தை ஒழிக்கும் சட்டத்தில் உப்புக்கு என்ன வேலை?

உப்புக் கணக்கைத் திறந்ததும் விடை கிடைத்தது. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். அளத்தில் காய்ச்சியவரிடம் சொற்ப விலைக்கு வாங்கி, மக்களுக்குப் பல மடங்கு விலையில் விற்றார்கள். தொடக்கத்தில் ஒரு கரிசை (பழைய அளவு) உப்பு 70 ரூபாய். 1844க்கு முன்பு அது 105 ரூபாய் ஆகியிருந்தது. புதிய சட்டம் அதை ஒரேயடியாக 180 ஆக்கியது. ஒரு கரிசைக்கு 120 மணங்கு. ஆக, மணங்கு 14 அணாவுக்கு விற்ற உப்பு ஒன்றரை ரூபாய்க்கு ஏறியது. கம்பெனியின் லண்டன் இயக்குநர் குழு ஒப்பவில்லை. அதே ஆண்டில் மணங்கு ஒரு ரூபாய் என்று இறக்கினார்கள். இறக்கிய பிறகும் பழைய விலையைவிட இரண்டு அணா கூடுதல்தான்.

பம்பாயிலும் இதே கதை. அங்கே உப்பு வரியை எட்டணாவிலிருந்து ஒரு ரூபாயாக உயர்த்தியபோது, 1844 ஆகஸ்டில் சூரத் நகரம் கொதித்தெழுந்தது. பன்னிரண்டு அணாவாகக் குறைத்த பிறகே அடங்கியது. வண்டிக்காரரும் வியாபாரியும் கொடுத்துவந்ததை இனி கஞ்சி குடிக்கிற ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சீர்திருத்தத்தின் உட்பொருள். துணி வாங்காமல் ஒரு வருஷத்தை ஓட்டலாம். உப்பில்லாமல் ஒரு வேளை ஓட்ட முடியாது.

சென்னையில், எண்ணூர்ப் பக்கத்து அளங்களின் உப்பு, பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் வழியே படகில் நகரத்துக்கு வந்தது. பிறகு அந்தக் கால்வாய் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியானது. பஞ்ச நிவாரண வேலையாக 1877–78இல் நகருக்குள் தோண்டிய இணைப்பும் அதில் சேர்ந்தது. அந்தத் தாது வருஷப் பஞ்சத்தின் கோப்புகளில்தான் இன்னொரு கணக்கு கண்ணில் பட்டது, படித்துவிட்டு வெகுநேரம் மேலே போக முடியவில்லை. மாகாணம் பட்டினியில் கிடந்த 1877இன் இறுதியில், மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த உப்பு வரி 2 ரூபாய் 8 அணா ஆனது. காரணம் சென்னையில் இல்லை. உப்புக் கடத்தலைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே 2,000 மைலுக்கு மேல் சுங்க எல்லை ஒன்று ஓடியது, அதில் நெடுந்தூரம் முள்வேலி. அதைக் கலைக்க வேண்டுமானால் நாடெங்கும் உப்பு வரி ஏறக்குறையச் சமமாக வேண்டும். அதற்காக வடக்கே வரி இறங்கியது, தெற்கே ஏறியது. 1879 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த எல்லை ஒழிந்தது.

வரலாற்று நூல்கள் பல 1844, 1879 இரண்டையும் வணிகத்துக்குக் கிடைத்த விடுதலை என்றே எழுதுகின்றன. சுங்கக் கணக்கை உப்புக் கணக்கோடு சேர்த்து வைத்துப் படிக்காததால் வந்த வினை இது. விலை ஏறினால் ஏழை என்ன செய்வான்? உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்து உப்பு எடுப்பான். அதையும் குற்றமாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அதையே தொழிலாகக் கொண்ட உப்பிலியர்கள் பிழைப்பை இழந்தார்கள். இப்போது உப்பு இலாகாவின் தண்டனைக் கோப்புகளில் அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.